ஜூன் குழியின் நிழல்

"போன வருசம் வெச்ச மரம் இன்னா சார் ஆச்சு?" என்று மூன்றாம் வகுப்புப் பிரவீனா கேட்டாள். கேட்கப்பட்டவர் வெங்கடேசன், ஒரகடத்தில் கார்களுக்குக் கண்ணாடி துடைப்பான் செய்யும் ஒரு கம்பெனியின் அதிகாரி. சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில், ரிப்பன் கட்டிய மண்வெட்டியோடு நின்றிருந்தார். போட்டோ எடுப்பவர் அவசரப்படுத்தவே, அவர் யோசிக்காமல் "பெருசாவறதுக்குப் போயிருக்கும்மா, வந்துடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது அது வந்தது. மரம் வரவில்லை, நிழல் மட்டும் வந்தது.

அந்த ஊரின் குழிக் கதை தெரிந்தால் இதில் வியக்க அதிகம் இல்லை. அந்தப் பக்கத்து மண் மேலே செம்மண், முழ ஆழத்துக்குக் கீழே சரளை. கடப்பாறை போட்டால் பொறி பறக்கும். கம்பெனி முதன்முதலில் மரம் நட வந்தபோது, தோண்ட வந்த ஆட்கள் கடப்பாறையைத் திட்டி, பிறகு ஒருவரையொருவர் திட்டி, ஒரே ஒரு குழி தோண்டிவிட்டுப் போனார்கள். அதில் வைத்த கன்று மே மாதத்தில் காய்ந்தது. விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், மோட்டார் அறையும் பூட்டியிருக்கும், தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்துக்குக் கம்பெனி மறுபடி வந்தது. குழிதான் தயாராக இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அதிலேயே அடுத்த கன்றை வைத்தார்கள். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒரு வருடம் வேம்பு, ஒரு வருடம் புங்கன், ஒரு வருடம் மகிழம், ஒரு வருடம் பாதாம். பேனரும் ஒன்றேதான், வருடத்தின் கடைசி எண்மேல் மட்டும் புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிள்ளைகள் அதற்கு ஜூன் குழி என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்து உருண்டு போனால் "ஜூன் குழில வுழுந்துச்சு" என்பார்கள்.

வெங்கடேசன் கெட்டவர் இல்லை. பென்னலூர்க்காரர். ஏகாதசி விரதம் இருப்பார். சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீபெரும்புதூரில் உடையவர் சந்நிதிக்குப் போவார். ரத்ததான முகாம், கண் பரிசோதனை, மரம் நடுதல் என்று கம்பெனி ஊருக்குச் செய்யும் நல்லதெல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கும். ஆனால் நல்லது செய்வதை வேலையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. செய்ததும் மறந்துவிடுவார்கள். பிரவீனாவுக்குச் சொன்ன பதிலை அவர் கம்பெனி வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் மறந்துவிட்டார்.

நிழல் மறக்கவில்லை. ஜூன் குழியைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு அது விரிந்து படுத்திருந்தது. கூர்ந்து பார்த்தால் வேம்பின் சின்ன இலையும் பாதாமின் அகன்ற இலையும் ஒரே கிளையில் அசைவது தெரியும். எல்லாக் கன்றும் ஒரே குழியில் போனதால் நிழலும் கலந்துதான் வந்திருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் வானம்தான். காகங்கள் முதல் வாரம் குழம்பிப்போய், கிளை இருக்குமென்று நம்பி இறங்கித் தரையில் விழுந்தன. பிறகு அவையும் பழகிக்கொண்டு பொடிநடையாக நிழலுக்குள் வந்து உட்கார்ந்தன. கீழ் வகுப்புகள் நடந்துவந்த இடம் சிமெண்டு ஷீட் போட்ட கூடம். பதினொரு மணிக்குமேல் அதில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும். தலைமையாசிரியை ரத்னா டீச்சர் நிழல் வந்த அன்றைக்கே அந்த வகுப்புகளையெல்லாம் அதற்கு மாற்றினார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர் அவர். தேவன் அனுப்பியதற்குக் காரணம் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

சத்துணவு சமைக்கும் முனியம்மாள்தான் கொஞ்சம் சலித்துக்கொண்டாள். பங்குனியில் நிழலிலிருந்து பூவின் நிழல்கள் உதிர்ந்து மைதானமெங்கும் புள்ளிபுள்ளியாகக் கிடந்தன. பெருக்கினால் ஓரமாகக் குவிந்தன. முறத்தில் அள்ளினால் முறம் கனத்தது, உள்ளே ஒன்றுமில்லை. "கீற குப்பையே பெருக்க முடியல, இதுல இல்லாத குப்பைய வேற பெருக்கணுமா?" என்று முனகிக்கொண்டே தினமும் பெருக்கினாள்.

ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் ஆறுமுகநயினார் தென்காசிப் பக்கத்துக்காரர். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், மரத்த வெட்டி வித்துப்புட்டு நிழல மட்டும் விட்டு வச்சிருக்கியளோ?" என்று கடுமையாகத்தான் ஆரம்பித்தார். "மரம் இன்னும் வரலைங்க சார், நிழல் முன்னாடி வந்துடுச்சு" என்றார் ரத்னா டீச்சர். "அப்படியா" என்று நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், பதிவேடுகளை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனார். எழுந்தபோது மாலையாகியிருந்தது. பள்ளியின் சூழல் திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சர்வீஸில் எழுதியவற்றிலேயே பொய் கலக்காத வரி அதுதான் என்று பின்னால் அவரே சொன்னாராம்.

கம்பெனிக்கும் செய்தி போயிற்று. ஆலை மேலாளர் சுபாஷ் மகிழ்ந்துபோய் போட்டோ எடுக்கச் சொன்னார். அங்கேதான் சிக்கல் வந்தது. நிழல் போட்டோவில் விழவில்லை. எந்தக் கேமராவில் எடுத்தாலும், கொளுத்தும் வெயிலில் பிள்ளைகள் வியர்வைத் துளி இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பதுதான் வந்தது. சுபாஷ் அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "வெங்கடேசன், பசங்கள வெயில்ல காயப்போட்டிருக்கோம்னு ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. இத விட்டுடுங்க" என்றார். அந்த வருட ஜூனில் மரம் நடவும் யாரும் வரவில்லை. அதுதான் நிழல் இருக்கிறதே, மரம் எதற்கு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ரத்னா டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். ஜூன் குழி முதன்முறையாக வெறுமனே கிடந்தது.

அதற்கு அடுத்த மாசியில் நிழல் வாடத் தொடங்கியது. முதலில் பாதாம் இலைகளின் நிழல் பழுத்து, ஓரம் சுருண்டு, ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. பிறகு நடுவில் ஓட்டை விழுந்தது. பந்தலாக இருந்தது பாயளவாயிற்று. பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள், ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தார்கள். கடைசியில் இரண்டு வகுப்புகள் ஷீட் கூடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. முதல் நாளே ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். ரத்னா டீச்சர் கம்பெனிக்குப் போன் போட்டார்.

வெங்கடேசன் அரைமனதோடுதான் வந்தார். கேட்டில் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டவள் பிரவீனா. அவள் நான்காம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நிழலின் விளிம்பில் அவளுக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை உட்கார வைத்துவிட்டு, புத்தகப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, தான் வெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. வணக்கம் சொன்னாள். எதுவும் கேட்கவில்லை.

"வாங்க சார், உங்க நிழல பாக்க வந்தீங்களா?" என்றார் ரத்னா டீச்சர்.

"என்னோட நிழலா?"

"நீங்கதானே வந்துடும்னு சொன்னீங்க. அந்த வார்த்தைக்குத்தான் வந்துச்சு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முனியம்மாள் நிமிராமலே சொன்னாள்: "வந்து ரெண்டு வருசமா நின்னுகினே கீது. ஒரு மரம் இல்லாம எவ்ளோ நாளு சார் நிக்கும்? அதுக்குக் காலு வலிக்காதா?"

வெங்கடேசனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிறுமி அன்றைக்குக் கேட்டதும் தான் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன. வாக்குக் கொடுத்தவர் தான். வந்தது நிழல். வாடுவதும் அதுதான். நடுவில் தான் எங்கே இருந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேனரும் ரிப்பனும் இல்லாமல், இரவல் கடப்பாறையோடு வந்து அவரே ஜூன் குழியைத் தோண்டினார். கொஞ்சம் தோண்டியதுமே கடப்பாறை மண்ணைவிட மெத்தென்ற எதிலோ போய்க் குத்தியது. கையால் விலக்கிப் பார்த்தார். கறுப்புப் பிளாஸ்டிக் கவர். நாற்றுப் பண்ணையில் கன்றுக்கு மண் போட்டுக் கட்டுகிற கவர். அதன் கீழே இன்னொரு கவர், அதன் கீழே இன்னொன்று. வருடங்கள் அத்தனையும் டம்ளர் அடுக்கியதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வேர்கள் வெளியே போக வழியில்லாமல் இடியாப்பம் மாதிரி சுற்றிச் சுற்றிச் செத்திருந்தன.

கவரோடு நடச் சொன்னவர் அவரேதான். முதல் வருடம் கவரைக் கிழித்தபோது மண் உதிர்ந்து, சிறப்பு விருந்தினரின் வெள்ளைச் சட்டை பாழாயிற்று. மறுவருடம் "கவரோடயே வெச்சிடுங்க, நேரா நிக்கும், போட்டோவுக்கும் நல்லாயிருக்கும்" என்றார். பிறகு அதை யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெங்கடேசன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கவர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து மடியில் அடுக்கினார். வளர இடம் கிடைக்காத மரங்கள், வளராத தங்கள் நிழலை எங்கிருந்தோ கடன் வாங்கிவந்து இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கின்றன. கடன் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

படப்பையில் எல்லப்பனின் நாற்றுப் பண்ணைக்குப் போய் ஒரு வேப்பங்கன்று கேட்டார். எல்லப்பன் வானத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "பங்குனி வெயில்ல கன்னு வெக்கறவன் ஒண்ணு பைத்தியக்காரனா இருக்கணும், இல்லாட்டி கடன்காரனா இருக்கணும். நீ எந்த ரகம்பா?"

"ரெண்டாவதுண்ணா."

"அப்போ பொழைக்கும். பைத்தியக்காரன் பாதில மறந்துடுவான்" என்று எல்லப்பன் நல்ல கன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

கவரைக் கிழித்து, வேரை விரித்து, கன்றை நட்டார். மண் உதிர்ந்து அவர் சட்டையெல்லாம் செம்மண்ணாயிற்று. மறுநாள் முதல் ரத்னா டீச்சர் ஒரு சட்டம் போட்டார். அதுவரை பிள்ளைகள் சாப்பிட்ட தட்டைக் கழுவும் தண்ணீர் கேட்டுக்கு வெளியே ஓடி, லாரிகள் மிதித்துச் சேறாகிக்கொண்டிருந்தது. இனி அது குழிக்குத்தான் வர வேண்டும். முனியம்மாள் செங்கல்லைப் படுக்க வைத்து வாய்க்கால் கட்டினாள். அரிசி கழுவிய கழுநீரையும் அதிலேயே விட்டாள். நிழல் பெருகவில்லை. ஆனால் சுருங்குவதை நிறுத்திக்கொண்டது. அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்ப்பதுபோல் கன்றிலிருந்து சற்றுத் தள்ளியே கிடந்தது.

பிறகு பரீட்சை முடிந்தது. தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டன. மோட்டார் அறை பூட்டப்பட்டது. கேட் பூட்டப்பட்டது. கத்திரி வெயில் ஆரம்பித்தது. ஜூன் குழியில் இதுவரை வைத்த எந்தக் கன்றும் அந்த மே மாதத்தைத் தாண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது கன்று இருந்தது. இடுப்பு உயரம், உச்சியில் செம்பு நிறத்தில் கொழுந்து. நிழலும் பந்தல் அளவுக்கு விரிந்திருந்தது. இந்த முறை அது எங்கிருந்தோ வந்து கிடக்கவில்லை. கன்றின் காலடியிலிருந்தே கிளம்பி விரிந்திருந்தது. அத்தனை சின்னக் கன்றுக்கு அத்தனை பெரிய நிழல் எப்படி என்று கணக்கு டீச்சர்கூடக் கேட்கவில்லை. மே மாதத்தில் எப்படிப் பிழைத்தது என்பதற்குத்தான் ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ரத்னா டீச்சர் ஜெபம் என்றார். முனியம்மாள் தன் கழுநீரின் சத்து என்றாள். எல்லப்பன் தன் கன்றின் ஜாதி என்றார். கோடை மழை பெய்திருக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். அந்த மே மாதத்தில் அந்தப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. யார் சொன்னதையும் வெங்கடேசன் மறுக்கவில்லை. உடையவர் கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னது மந்திரத்தை. தான் செய்த உபகாரத்தை இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கம்பெனி அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் ஏ.சி. இயந்திரங்களிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டி வீணாகும். அதன் கீழே வெங்கடேசன் ஒரு கேன் வைத்தார். மாலையில் பென்னலூர் போகும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, கேனோடு எதிர்த் திசையில் டவுன் பஸ் ஏறினார். கண்டக்டர் முதல் நாள் "பால் வியாபாரமா சார்?" என்று கேட்டார், பிறகு கேட்கவில்லை. வீட்டில் மனைவி சசிகலாதான் விடவில்லை. "இன்னாங்க, தெனமும் பேண்ட்டு பூரா சேறு? ஒரகடத்துல எங்கனா நாத்து நடறீங்களா?"

"ஓ.டி."

"சம்பளத்துல காணாத ஓ.டி.யா?"

"ஆமா, பழைய ஓ.டி." என்றார். அவள் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, பேண்ட்டை வாங்கி வாளியில் ஊறப் போட்டாள்.

பூட்டிய கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கேனை நுழைத்து, பிறகு சுவரின் உடைந்த பக்கமாக அவரும் நுழைவார். கேன் தண்ணீர் குழிக்குள் இறங்கும் சத்தம் நிற்கும்வரை அங்கேயே குந்தியிருப்பார். கத்திரியின் நடுவில் ஒரு நாள் போனபோது கன்றில் ஒரு இலை இல்லை. குச்சி மட்டும் நின்றது. நிழலும் ஒரு முறம் அளவுக்கு வந்துவிட்டது. அவர் குச்சிக்கே தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். சனிக்கிழமை சந்நிதியில் நின்றபோதுகூடத் தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சேவித்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பள்ளி திறக்கச் சில நாட்கள் இருந்தபோது, வெயில் இறங்காத ஒரு சாயங்காலம், குச்சியின் கணுவில் செம்பு நிறத்தில் எறும்புத் தலை அளவுக்கு ஒன்று எட்டிப்பார்த்தது. வெங்கடேசன் கேனைச் சாய்த்தார். தண்ணீர் உள்ளே இறங்கியது. அவர் குந்தியிருந்த இடத்தில் சுள்ளென்று வெயில். முறம் அளவு நிழல் மெதுவாகத் தரையில் நகர்ந்து, கன்றின் அடியில் போய்ச் சேர்ந்தது. நெடுநாள் நின்றவர் உட்காருவதுபோல் ஒருமுறை அசைந்து அமர்ந்தது. பிறகு அங்கிருந்து விரியத் தொடங்கியது. வேம்பின் இலை, புங்கனின் இலை, மகிழம், பாதாம் என்று ஒவ்வொன்றாக அவர் கால்மேல் விழுந்து, மடியேறி, தோளேறி, வழுக்கை விழத் தொடங்கிய தலைமேல் வந்து நின்றது. முதுகு குளிர்ந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

மைதானத்தில் வேறு யாருமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கேனில் ஒட்டியிருந்த கடைசித் துளிகளையும் குழிக்குள் தட்டி விட்டுவிட்டு, டவுன் பஸ் வரும் சத்தம் கேட்டு எழுந்து போனார்.